சிவப்பு டேப் உரிந்த கார்டு

என் அக்காவை ஒரு சந்தேகப் பிராணிக்குத்தான் கட்டிக்கொடுத்தோம். பெண்டாட்டி மேல் சந்தேகப்படுகிற ரகம் இல்லை, அந்த மட்டில் பிழைத்தோம். மாமாவின் சந்தேகமெல்லாம் பூட்டு மேல், கேஸ் சிலிண்டர் மேல், தண்ணீர்க் குழாய் மேல். வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்குவார். திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை வந்த பிறகு, இழுத்த இழுப்பு சரியான இழுப்புதானா என்று முகம் கோணும். அக்கா, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பாள். "பூட்டு கழண்டிருக்காது, உங்களுக்குத்தான் கழண்டுடுச்சு" என்பாள். அதற்கும் அவர் கோபப்பட மாட்டார். போய் இழுத்துப் பார்த்துவிட்டு வருவார்.

எங்கள் கடையில் டிவி, ஆம்ப்ளிபயர், ஹோம் தியேட்டர் எல்லாம் பழுது பார்க்கிறோம். பார்க்கிறோம் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்கு. பார்க்கிறவர் மாமா. நான் போன் எடுப்பேன், வண்டி ஓட்டுவேன், "இன்னுமா ஆகலை" என்று வருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். மாமா ஒரு ஸ்பீக்கரைச் சரிசெய்து முடித்தால் அதோடு விடமாட்டார். அணைப்பார், போடுவார். சத்தத்தை ஏற்றுவார், இறக்குவார். "இன்னொரு தடவை பார்த்துடலாம் மாப்ள" என்பார். வாடிக்கையாளர் கையில் பெட்டியோடு வாசலில் நின்றால்கூட, வாங்கிவைத்து இன்னொரு தடவை பார்ப்பார். பக்கத்து டீக்கடைக்காரர் அவருக்கு 'இன்னொருதடவை' என்றே பேர் வைத்துவிட்டார். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. எனக்கே சமயத்தில் யோசித்தால்தான் வரும்.

இவ்வளவு முன்ஜாக்கிரதையான மனிதர் தப்பே செய்ய மாட்டார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மதியம் ஒரு டிராயிங் வாத்தியார் வீட்டில் வேலை. அடுக்குமாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. வாத்தியார், அவர் மனைவி, பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருக்கும் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு எதைப் பார்த்தாலும் பிடித்து எழ வேண்டும். சோபா, நாற்காலிக் கால், என் பேண்ட், எதையும் விடவில்லை. வாயிலிருந்து எடுத்த ஈர விரல்களோடு என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏதோ பெரிய சாதனை செய்த மாதிரி எல்லோரையும் சுற்றிப் பார்த்தது.

"சத்தம் வெச்சா கரகரங்குதுண்ணே. குறைச்சா பின்னாடி கொய்ங்னு ஒரே இரைச்சல். தலைவலியே வந்துடுது" என்றார் வாத்தியார்.

கரகரப்பு சுலபமாகப் போனது. டிவியில் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, ஆம்ப்ளிபயரில் குறைத்து வைத்திருந்தார்கள். "குழாயை முழுசாத் தொறந்துட்டு வாயில கையை வெச்சு அடைச்சா பீச்சியடிக்காம என்ன செய்யும் சார்" என்று சொல்லி, மாமா டிவியில் பாதியாகக் குறைத்து ஆம்ப்ளிபயரில் ஏற்றினார். கரகரப்பு நின்றுவிட்டது. இரைச்சல் அசையவில்லை.

இரைச்சலுக்கு மாமாவிடம் ஒரு தனி வித்தை உண்டு. அவர் பையில் எப்போதும் ஒரு கறுப்பு பவர் கார்டு, பெட்டியைச் சுவர் பிளக்கில் செருகுகிற ஒயர், இருக்கும். பார்க்க எல்லாக் கார்டையும் போல மூன்று முள். ஆனால் உள்ளே எர்த் கம்பியை அவரே துண்டித்து வைத்திருப்பார். ஆம்ப்ளிபயரில் அதைச் செருகியதும் இரைச்சல் நின்றால், கோளாறு பெட்டிக்குள் இல்லை, எர்த் வழியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கோளாறைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அந்தக் கார்டு. வீட்டில் விட்டுவிட்டு வரக் கூடாத சாமான். அதற்காகவே அதன் கழுத்தில் ஒரு சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்.

அந்த வீட்டிலும் செருகினார், இரைச்சல் நின்றது. "எர்த்துதான்" என்றார். டிவியும் ஆம்ப்ளிபயரும் ஆளுக்கொரு சுவரில் செருகியிருந்தன. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் கொண்டுவந்தார். ஒயர்களைப் பிரித்துத் தள்ளிப் போட்டார், முட்களைத் துடைத்தார். கண்ணாடிக் கதவு போட்ட மேல் தட்டில் காற்றில்லாமல் ஆம்ப்ளிபயர் கொதித்துக் கிடந்தது, அதைத் திறந்த கீழ்த் தட்டுக்கு இறக்கி வைத்தார். பிறகு அந்த வீட்டுக் கார்டைச் செருகி, தன் கார்டைப் பையில் போட்டார். அப்படித்தான் அவர் நினைத்தார், நானும் பக்கத்தில் நின்று அப்படித்தான் நினைத்தேன்.

பொட்டு இரைச்சல் இல்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தார், இல்லை. இன்னொரு தடவை பார்த்தார், இல்லை. வாத்தியார் சந்தோஷத்தில் பாட்டைப் போட்டுவிட்டு எங்களுக்கு டீ போடப் போனார். குழந்தை சோபாவைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டியது.

சாயங்காலம் கடையில் விளக்கு போடும் நேரம். மாமா பையைக் கவிழ்த்துச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கார்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் டேப் இல்லை. பைக்குள் துழாவினார். சிவப்பு டேப் சுருண்டு, துணியோடு ஒட்டிக் கிடந்தது.

"வெயிலுக்கு உரிஞ்சிருக்கும். வேற ஒட்டுங்க" என்றேன்.

அவர் ஒட்டவில்லை. மீட்டரை எடுத்தார். ஒரு முனையைக் கார்டின் எர்த் முள்ளில் வைத்தார், மறுமுனையை மறுபக்கத்துத் துளையில் விட்டார். மீட்டர் பீப் என்றது. எங்கள் தொழிலில் அந்தப் பீப் சத்தம் கேட்டால் நிம்மதி, கம்பி முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். மாமாவுக்கோ முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவருடைய கார்டு பீப் அடிக்கக் கூடாது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பீப்.

"மாப்ள, இது அவங்க வீட்டுக் கார்டு" என்றார். "நம்ம கார்டு அங்க மாட்டியிருக்கு."

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. கடையைச் சாத்துகிற நேரம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், இவர் பிறந்ததிலிருந்தே அரண்டவர். "அதனால என்ன மாமா, காலையில போய் மாத்திக்கலாம். எத்தனை வீட்ல எர்த்தே இல்லாம ஓடுது" என்றேன்.

"இரைச்சல் நான் நிறுத்தினதால நிக்கலடா. எர்த் இல்லாததால நின்னிருக்கு." அவர் எழுந்தே விட்டார். "டிவி கேபிள் ஒயர்ல எங்கிருந்தோ கரண்ட் கசிஞ்சு வருது. இத்தனை நாளா ஆம்ப்ளிபயர் வழியா எர்த்துக்கு இறங்கிட்டிருந்தது. அது இறங்குற சத்தம்தான் அந்த இரைச்சல். இப்ப நான் வழியை அடைச்சுட்டு வந்திருக்கேன். அது எங்க போகும்? பெட்டி மேலயேதான் நிக்கும். மொத்தமும் இரும்புப் பெட்டி."

"இருக்கட்டும் மாமா. யாரு போய் அதைக் கட்டிப் பிடிக்கப்போறாங்க?"

"அதைக் கீழ்த் தட்டுல எறக்கி வெச்சது யாரு?" என்றார். "நான்தானே வெச்சேன்."

என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஈர விரல்கள் அப்போதுதான் ஞாபகம் வந்தன. இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ரெண்டு பேரும் பதறினால் வண்டியை யார் ஓட்டுவது?

வாத்தியாருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் மனைவி நம்பர் எங்களிடம் இல்லை. கடைக் கதவைப் பாதி இழுத்தபடி விட்டுவிட்டு மாமா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பூட்டவில்லை. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் எதையும் பூட்டாமல் வந்து நான் பார்த்ததில்லை. நானே இறங்கிப்போய்ப் பூட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பயம் அங்கேதான் முதலில் உடம்பில் ஏறியது.

வழியெல்லாம் ஆபீஸ் விட்டு வருகிற கூட்டம். மாமா பின்னால் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே வந்தார். "வேகமாப் போ" என்பார். பஸ் ஒன்று குறுக்கே வந்தால் "பார்த்துப் போ" என்பார். "ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க" என்று கத்தினேன். அதற்கு அவர், "போன் எடுத்தாக்கூடப் போதும், பிளக்கைப் பிடுங்கச் சொல்லிடலாம்" என்றார். சிக்னலில் நின்றபோது பக்கத்துக் காரில் ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டடத்துக்குள் நுழைந்ததுமே பாட்டு கேட்டது. மூன்று மாடிக்குக் கீழே நிற்கிறோம், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்டது. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. எல்லாம் மாமாவின் கைவேலை. போனை ஏன் எடுக்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஏறிப்போய் அழைப்பு மணியை அழுத்தினேன். மாமா கதவைத் தட்டினார், பிறகு உள்ளங்கையால் அறைந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். இந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது.

மாமா சட்டென்று திரும்பிப் படிகளில் ஓடினார். கனத்த உடம்பு, ஓடிப் பழக்கமே இல்லாத மனிதர். நான் பின்னாலேயே போனேன். மாடிப்படிக்கு அடியில் எல்லா வீட்டுக் கரண்ட் மீட்டர்களும் வரிசையாக இருந்தன, மேலே வீட்டு எண்கள் எழுதியிருந்தன. வாத்தியார் வீட்டு எண்ணைத் தேடி, கீழே இருந்த மெயின் சுவிட்சை மாமா ஒரே இழுப்பில் இறக்கினார்.

பாட்டு நின்றது.

அவர் கையை எடுக்கவில்லை. மெயினைப் பிடித்தபடி தலையை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து இரைச்சல் தேடும்போது அப்படித்தான் கண்ணை மூடிக்கொள்வார். "அழு" என்றார், உதடு மட்டும் அசைந்தது. "பயந்து ஒரே ஒரு குரல் அழுதுடு தாயே."

ஒன்றும் கேட்கவில்லை. விளக்கு அணைந்தால் எந்தக் குழந்தையும் வீல் என்று கத்துமே, ஏன் இது கத்தவில்லை? கடவுளே, நான் காலையில் பார்த்துக்கலாம் என்று சொன்னேனே. மேலே ஒரு கதவு திறந்தது. செருப்புச் சத்தம். "நம்ம வீட்ல மட்டும் போயிருக்கு" என்று வாத்தியார் குரல். அதற்குப் பின்னால், அவசரமே இல்லாமல், "த்தா, த்தா" என்று ஒரு சின்னக் குரல்.

மாமா கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏறிப்போகும்போது அவர் காதோடு காதாகச் சொன்னேன். "இங்க பாருங்க மாமா. பிள்ளை நல்லா இருக்கு. கார்டு மாறிடுச்சுன்னு சொல்லுவோம், மாத்துவோம், வந்துடுவோம். வேற எதையும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்க வேணாம்." அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

வாத்தியார் போன் வெளிச்சத்தோடு வாசலில் நின்றார். குழந்தை அம்மா இடுப்பில் இருந்தது. "கார்டு மாறிப்போச்சு சார், அதான் ஓடிவந்தோம்" என்று நான் இளித்தேன். மாமா நேரே போய்த் தரையில் முழங்காலிட்டு ஆம்ப்ளிபயரிலிருந்து தன் கார்டைப் பிடுங்கினார். அந்த வீட்டுக் கார்டைச் செருகினார். மீட்டரை வைத்துப் பார்த்தார், எர்த் பிடித்திருந்தது. என்னைக் கீழே அனுப்பி மெயினைப் போடச் சொன்னார். நான் திரும்பி வரும்போது விளக்கெல்லாம் எரிந்தது. கொய்ங் என்று பழைய இரைச்சலும் வந்து உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணே இது, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு" என்றார் வாத்தியார். முகம் தொங்கிப்போயிருந்தது. "மத்தியானம் அந்தக் கார்டுல எவ்வளவு நல்லா இருந்தது. அதையே விட்டுட்டுப் போங்களேன். பாப்பாகூட என்ன ஆட்டம் போட்டா தெரியுமா? இருங்க, எடுத்து வெச்சிருக்கேன்."

போனைக் காட்டினார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தை கீழ்த் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு விரலை நீட்டி ஆம்ப்ளிபயரைத் தொடுகிறது. தொட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறது. விரலைப் பார்க்கிறது. கேமராவைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரிக்கிறது. மறுபடி தொடுகிறது, மறுபடி இழுக்கிறது. பின்னாலிருந்து வாத்தியாரும் அவர் மனைவியும் சிரிக்கிற சத்தம். "இன்னும், இன்னும்" என்று அம்மா சொல்கிறாள்.

மாமாவைப் பார்த்தேன். அவர் போனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை போனில் தன் பாட்டைக் கேட்டதும் அம்மா இடுப்பிலிருந்து நழுவி இறங்கியது. தவழ்ந்து போய்த் தட்டைப் பிடித்து எழுந்தது. "பாருங்க, இப்பவும் போறா" என்று அம்மா சிரித்தாள். மாமா சட்டென்று தன் உள்ளங்கையை ஆம்ப்ளிபயர் மேல் அழுத்தி வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், பிறகு எடுத்துக்கொண்டார். குழந்தை விரலை நீட்டித் தொட்டது. காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தித் தொட்டது. இரண்டு கையாலும் தட்டியது. எங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்த்தது, உதடு பிதுங்கியது, ஓவென்று அழ ஆரம்பித்தது.

"ஏன்டி செல்லம், என்ன ஆச்சு? ஏன் அழறா இவ?" என்றாள் அம்மா.

யாரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை அது. பசி என்று நினைப்பாள், தூக்கம் என்று நினைப்பாள். தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நான் மாமா சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"சுர்ருனு இருக்கும்னு தொட்டுப் பார்க்குதும்மா" என்றார். "இப்ப அது இல்ல. அதான் அழுவுது."

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கிச் சொன்னார். கார்டு, எர்த், கசிவு, கீழ்த் தட்டு, எல்லாம். எதையும் குறைக்கவில்லை, என் மேலும் போடவில்லை. "லேசான கசிவுதான், அதனால பிழைச்சோம். லேசாவே இருந்திருக்கும்னு நான் எந்த தைரியத்துல சொல்ல முடியும்? நான் செஞ்ச தப்பு. பாப்பாவை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

வாத்தியார் போனைப் பார்த்தார், அதை முகம் கீழாகக் கவிழ்த்து சோபாவில் வைத்தார். அம்மா தரையில் உட்கார்ந்து அழுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நிமிர்ந்து, "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள். "கார்டைத்தான் மாத்திட்டீங்களே. அப்புறம் எதுக்கு இதையெல்லாம் சொன்னீங்க? நான் இனிமே எப்படித் தூங்குவேன்?"

"பாப்பாவுக்கு அது விளையாட்டுன்னு பழகிடுச்சும்மா" என்றார் மாமா. "நாளைக்கு ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ அப்படி சுர்ருனு அடிச்சா, பாப்பா சிரிக்கும். நான் சொல்லாம போயிருந்தா நீங்களும் சிரிப்பீங்க."

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில வந்து கேபிள் ஒயரைப் பிரிச்சு, கசிவு எங்கேன்னு பார்த்துடறேன்" என்றார் மாமா.

"நீங்க வர வேணாம்" என்றாள். "நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

"சரிம்மா. வர்றவர் இரைச்சலை நிறுத்த எர்த்தைக் கழட்டறேன்னு சொன்னா மட்டும் விடாதீங்க."

வாத்தியார் எங்களோடு வாசல் வரை வந்து கதவைச் சாத்தினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கினேன். மாமா வரவில்லை. சாத்திய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா?"

"அணைக்கல. இரைச்சல் கேக்குது" என்றார். "எர்த் இருக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை நான் படியிலேயே நின்றேன். பிறகு பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.